மணிக்கட்டில் ஒட்டிய வாசனை

முகச்சவரம் செய்து லோஷன் பூசிக்கொண்ட ஆண் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவேன். பஸ்ஸாக இருந்தால் நின்றுகொண்டே வருவேன். என் மருமகன் இதைக் கவனித்துவிட்டு, மாமியாருக்கு வாசனை ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். நல்ல பிள்ளை, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். வாசனை எனக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். எனக்கு வருவது ஆத்திரம். அறுபது வருஷமாகியும் அது அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் யாரிடமும் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அப்பாவும் அவருடைய தம்பியான என் சித்தப்பாவும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். தாத்தா போனபிறகு காடு தோட்டமெல்லாம் அப்பாவின் பேச்சில் நடந்தது. வேலையெல்லாம் சித்தப்பாவின் கையால் நடந்தது. இருபத்தெட்டு வயதாகியும் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குமுன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஒன்றில் ஜாதகம் சரியில்லை என்றார் அப்பா. இன்னொன்றில் பெண் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்றார். கிணற்றையா கட்டிக்கொள்ளப் போகிறார் என்று திருப்பிக் கேட்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

மூன்றாவதாக மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளையும் கூட வரட்டும் என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணைச் சித்தப்பா முன்பே பார்த்திருந்தார். வைகாசித் தேருக்குப் போனபோது பார்த்தாராம். இதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, யாரோ வேறொருவருடைய விஷயத்தைப் பேசுவதுபோலக் கேட்டார்.

“எட்டாவது படிச்ச பொண்ணு அம்மிணி. எம்மேல அடிக்கிற மாட்டு வாசம் அதுக்குப் புடிக்குமா?”

எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு முகம் வழிக்க ஒரு பெரியவர் வருவார். வெளிவாசல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வழித்துவிட்டு, படிகாரக் கட்டியை நனைத்துக் கன்னத்தில் தேய்ப்பார். அதற்குப்பிறகு எதையும் தொடாமல் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டும். அதனால் வழித்த கன்னத்தில் ஒரு வாசனை தங்கும் என்பதே எங்கள் ஆண்களுக்குத் தெரியாது. கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவரும் அந்தப் பெரியவர்தான். அவர் இருக்கும்போது டவுன் சலூனில் போய் உட்காருவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று அப்பா சொல்லுவார். மரியாதை பற்றி அவ்வளவு பேசிய அப்பா, அந்தப் பெரியவரை ஒரு நாளும் நிலைவாசலுக்கு உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்ததில்லை. அதுவும் இப்போது நினைத்தால் எரிச்சலாகத்தான் வருகிறது.

பெண் பார்க்கப் போகும் நாளன்று அப்பாவும் அம்மாவும் விடியும்போதே கூட்டுவண்டியில் கிளம்பிவிட்டார்கள். சித்தப்பாவும் நானும் டவுனுக்குப் போய்ப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய், பெண்ணின் ஊர் எல்லையிலிருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் அவர்களோடு சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. பூ வாங்கியாயிற்று. பழம் வாங்கியாயிற்று. பஸ் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் சித்தப்பா திரும்பவில்லை. நேரே போய் ஒரு சலூன் முன்னால் நின்றார். அவருடைய காதெல்லாம் சிவந்திருந்தது.

“உங்கொப்பன்கிட்டச் சொல்லிப்போடாத சாமி” என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சுழலும் நாற்காலியை நான் அன்றுதான் பார்த்தேன். சித்தப்பா அதில் உட்காரும்போது, உழவு மாட்டை லாரியில் ஏற்றினால் அது விழிக்குமே, அப்படி விழித்தார். வழித்து முடித்ததும் சலூன்காரர் கண்ணாடிக்குக் கீழே இருந்த நான்கு பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். படிகாரம் போன தலைமுறையோடு போயிற்று, சேலத்தில் இப்போது பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இதுதான் போடுகிறார்கள், எது வேண்டுமோ போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

முதலில் பச்சைப் பாட்டில். வலது கன்னத்தில் பட்டதும் சித்தப்பா உஸ்ஸென்றார். எலுமிச்சங்காயைக் கீறியதுபோல ஒரு வாசனை. நன்றாக இருந்தது, ஆனால் ஊறுகாய் ஞாபகம் வந்தது. நீலப் பாட்டில் இடது கன்னத்துக்கு. அது குளுகுளுவென்று தைலம் மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்குத் தலைவலி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். ஊதா நிறத்தில் இருந்ததைக் கழுத்தில் தடவினார்கள். எங்கள் பள்ளிக்கூட டீச்சரின் கைக்குட்டை அப்படித்தான் மணக்கும். சித்தப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். கடைசியாக ஒன்று, வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. அதைப் போட்டுப் பார்க்கச் சித்தப்பாவின் முகத்தில் இடம் மிச்சமில்லை. என் கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டார் சலூன்காரர்.

கிராம்பும் பட்டையும் சேர்ந்த வாசனை. மூக்கில் சுருக்கென்று ஏறி, அப்புறம் மெதுவாக இறங்கியது. சித்தப்பா குனிந்து என் மணிக்கட்டை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை முகர்ந்தார். இதுதான் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். சலூன்காரர் உள்ளங்கை நிறைய ஊற்றி அவர் முகம் முழுக்க அறைந்து தேய்த்தார். எரிச்சலில் கண்ணீர் வழிய, சித்தப்பா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் தன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

“குளிச்சா வாசம் போயிருமுங்களா?” என்று கேட்டார்.

போய்விடும் என்று சலூன்காரர் சொன்னார். வழித்துக்கொண்டால் குளிக்காமல் வீட்டு நிலைவாசலைத் தாண்டாத எங்கள் சித்தப்பா, அன்று ஒரு நாள் குளிக்காமல் கிளம்பினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது மதுவிலக்குக் காலம். கள்ளும் சாராயமும் கிடைக்காதவர்கள் வார்னிஷ், ஸ்பிரிட், மருந்துக்கடை டிஞ்சர் என்று கிடைத்ததைக் குடித்தார்கள். வாய் நாற்றம் தெரியாமலிருக்கக் கிராம்பை மென்றுகொண்டு திரிந்தார்கள். ஸ்பிரிட்டும் கிராம்பும் கலந்த வாசனை ஓர் ஆணிடமிருந்து வந்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? குடியின் பக்கமே போகாத சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தபோது, நமக்கு இடம் விடுகிறார் பார் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கிணற்றடியில் வண்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. அம்மா தட்டில் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா சற்றுத் தள்ளி நின்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா காற்றை முகர்ந்தார். அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். எங்கே போயிருந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அப்பா மெதுவாகக் கேட்டால் எனக்குப் பொய் வராது. சலூன், நான்கு பாட்டில், என் கையில் விட்ட சொட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு, வாய்க்கால் மண்ணை ஒரு பிடி எடுத்து, என் மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார்.

“யாரு கேட்டாலும் சலூன் பேச்ச எடுக்காத அம்மிணி” என்றார்.

பெண் வீட்டு ஆசாரத்தில், முன்கூடத்தில், ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா சித்தப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மழை, மாடு என்று இரண்டு வார்த்தை பேசினார். பிறகு மூக்கை ஒருமுறை துண்டால் துடைத்துக்கொண்டார். உள்கதவருகே வெள்ளைச் சேலை கட்டிய ஓர் இளம்பெண் பலகாரத் தட்டோடு நின்றிருந்தாள். கல்யாணப் பெண்ணின் அக்கா அவள். அவள் புருஷன் வார்னிஷ் குடித்தே இருபத்தைந்து வயதில் செத்தவன் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவளும் அந்த வாசனையை முகர்ந்திருக்க வேண்டும். தட்டைக் கீழே வைக்காமலே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க” என்றார் பெரியப்பா. “மாப்பிள்ளைக்குப் பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?”

சித்தப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். அப்படி ஒரு பழக்கமும் இல்லை, இது சலூனில் முகத்துக்குப் போட்டுவிட்ட மருந்து என்றார். பெரியப்பா கோபப்படவில்லை. எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளையும் ஒரு நாள் பல்வலி மருந்து என்பான், ஒரு நாள் மாட்டுக்குப் போட்ட மருந்து என்பான் என்று மட்டும் சொன்னார். அவரை நான் ஒருக்காலும் குறை சொல்ல மாட்டேன். அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. உங்க ஊட்டுல சலூனுக்குப் போற பழக்கம் இருக்குதுங்களா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “எங்க ஊட்டுக்கே வந்து வழிக்கிற ஆளு இருக்குதுங்க. சலூனுக்கு நாங்க யாரும் போறதில்லீங்க.”

சித்தப்பா அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைத் தேடினார்.

“புள்ளையும் கூடத்தானுங்க இருந்துச்சு, புள்ளையக் கேளுங்க. சொல்லு கண்ணு, நாம எங்க போனோம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் இவரே சொல்லாதே என்று சத்தியம் வாங்கியவர். கிணற்றடியில் அப்பாவும் சொல்லாதே என்றார். இப்போது இவர் சொல் என்கிறார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் எனக்கு வேண்டிய பதில் எழுதியிருந்தது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

பெண்ணை வெளியே அழைத்து வரவில்லை. மரியாதை குறையாமல் எங்களை வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்கள். கொண்டுபோன பூவும் பழமும் எங்களோடு திரும்பின. சித்தப்பா வண்டியில் ஏறவில்லை. பின்னால் நடந்தே வந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் என்னை அன்றும் கேட்கவில்லை, சாகும்வரையிலும் கேட்கவில்லை. கேட்டு நாலு அறை விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது.

ஒரு மாதத்துக்குள் குடிகாரன் என்ற பெயர் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குமேல் இடம் எதுவும் வரவில்லை. குடிகாரன்னு பேர் வாங்குனவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமூச்சோடு சொன்னார். எவ்வளவு உருக்கமாகச் சொல்லுவார் தெரியுமா! கேட்டவர்கள் அப்பாவுக்காக இரக்கப்பட்டார்கள். தம்பிக்குக் கல்யாணமானால் பாகம் பிரிந்து காட்டில் பாதி போகும். கல்யாணம் ஆகவில்லை, காடு பிரியவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வீட்டுக்கே உழைத்து, வேப்பமரத்தடியில் படிகாரம் தேய்த்துக்கொண்டு கிழவரானார். அவருக்கு வந்திருக்க வேண்டிய கிணற்றுக் காட்டை விற்றுத்தான் எனக்குக் கல்யாணம் செய்தார்கள். பத்திரத்தில் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மாப்பிள்ளை நல்ல பையனா அம்மிணி என்று என்னைக் கேட்டார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அப்பாமீது இருக்கும் கோபம் முழுதாக என்மீதே திரும்பிவிடுகிறது.

அன்று திரும்பி வரும் வழியில் நான் வண்டிக்குள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டை முகர்ந்து பார்த்தேன். ஈர மண் வாசனைதான் இருந்தது. அப்பா எனக்கு ஒரு நாளும் தலை வாரிவிட்டதில்லை, சோறு ஊட்டியதில்லை. அன்றைக்கு, அத்தனை பேர் காத்திருக்கும்போது, தன் கையால் என் கையை அவ்வளவு அக்கறையாகக் கழுவிவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. சலூனுக்குப் போன வெட்கம் வெளியே தெரியாமல் சித்தப்பாவையும் என்னையும் அப்பா காப்பாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். அந்தத் தொட்டி விளிம்பு வரை தண்ணீர் நின்றதும், பத்தடி தள்ளி நின்ற தம்பியை முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று அப்பா ஒரு வார்த்தை கூப்பிடாததும் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தன. அவை எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.