அபரஞ்சி குடிக்காத தண்ணீர்

ரோசம்மாளுக்கு அபரஞ்சி என்றால் உயிர். கும்மிடிப்பூண்டியின் அந்த இரும்புக் கொட்டகையில் மற்ற எல்லாருக்கும் அபரஞ்சியைக் கண்டால் ஆகாது. அபரஞ்சி நிஜத்தில் நடமாடுகிறவள் அல்ல, வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வருகிறவள். வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டு வேளையில் ஸ்டோர் கிளார்க் சேகர் அதை உரக்கப் படிப்பான். மணவாள நகரிலிருந்து ரயில் மாறி வருகிறவன், வழியிலேயே ஒரு தரம் படித்துவிடுவான். எங்கே குரலை ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

ரோசம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் கொட்டகை எழும்பும் முன் அதே நிலத்தில் நாற்று நட்டவள். இப்போது அங்கேயே தினக்கூலிக்குப் பழைய இரும்பைத் தரம் பிரிக்கிறாள். மண்ணை விட்டு அசையாதவள் அவள்தான், மற்றவர்கள் எல்லாம் ரயிலேறி வந்தவர்கள். இருந்தும் பானைத் தண்ணீர் குடிக்க அவள்தான் குனிந்து கையேந்த வேண்டும். கூட வேலை செய்யும் கனகாம்பாள் உயரத் தூக்கி ஊற்றுவாள். எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கும் டம்ளர் பானை மூடிமேல் இருந்தது. அதைத் தொட்டால் மேஸ்திரி சுப்பராயன் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவார் என்ற பயம் அவளுக்கு. அவள் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது.

கதைக்கு வருவோம். எங்கிருந்தோ வந்து ஒரு கிராமத்து ஏரிக்கரையில் குடிசை போட்டவள் அபரஞ்சி. யார் வீட்டுப் படியும் ஏறமாட்டாள், எங்கேயும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். கதை எழுதிய புண்ணியவான் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து வாராவாரம் தூபம் போட்டார். அந்த வெள்ளிக்கிழமை மணியக்காரர் மனைவி காய்ச்சலில் விழுந்தாள். அபரஞ்சியின் கண் பட்டதுதான் காரணம் என்று ஊர் கூடி அவளைத் துரத்தத் தீர்மானித்தது. கொட்டகையில் கை தட்டினார்கள். திமிர் பிடித்தவள் ஒழியட்டும் என்றார் சுப்பராயன்.

ரோசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சேகர் சார், அவள உள்ள வா, ஒரு வாய் தண்ணி குடின்னு யாருனா கூப்ட்டாங்களா? கதையில எங்கனா கீதா?"

முதல் வாரத்திலிருந்து படித்தவன் சேகர். யோசித்துப் பார்த்து, அப்படி எதுவும் வரவில்லையே என்று முணுமுணுத்தான்.

"கூப்புடாத ஊட்ல பூந்து குடிக்க முடியுமா? குடிக்காட்டி திமிரு, குடிச்சா தீட்டு. அவ இன்னாதான் பண்ணணும்?"

கனகாம்பாள் சமாதானத்துக்கு வந்தாள். அவள் கெட்டவள் அல்ல, அதுதான் வயிற்றெரிச்சல்.

"கதைக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாரு பண்ற? நீ கூடத்தான் டம்ளரத் தொடமாட்ட. நாங்க திமிருன்னா சொன்னோம்? அது உன் பழக்கம்னு உட்டுட்டோம்."

பழக்கமாம்! முழங்கை வழியாக ஒழுகி ரவிக்கை நனைய நனையக் குடித்தவளைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல், பழக்கமாம்.

ரோசம்மாள் எழுந்து நேரே பானைக்குப் போனாள். டம்ளரில் மொண்டு, எல்லாரும் பார்க்க, வாய் வைத்துக் குடித்தாள். இன்னொரு முறையும் மொண்டு குடித்தாள். சுப்பராயன் வாயைத் திறந்தார். அத்தனை பேர் எதிரில் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், நேரமாச்சு என்று எல்லாரையும் வேலைக்கு விரட்டினார்.

மறுநாளும் அவளுக்கு வேலை இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் ஆளாளுக்குப் பையைத் திறந்தார்கள். எல்லாரும் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். கனகாம்பாளிடம் ஒரு சொம்பு, சேகரிடம் ஒரு பாட்டில். பானை தளும்பத் தளும்ப ரோசம்மாளுக்கே என்று நின்றது.

அவள் ஒரு டம்ளர் மொண்டு எடுத்து சேகரிடம் போனாள்.

"ஒரு வாய் தண்ணி குடிங்க சார். நான் கூப்புடறேன்."

சேகர் பாட்டிலைக் கால் மறைவில் தள்ளிவிட்டு, தாகமில்லை என்றான்.