ராகு காலத்துக்கு ஒரு கட்டம்

மல்லி வறுபடும் வாசனை எங்கே எழுந்தாலும் எனக்குத் தொண்டை கமறும். கூடவே ஒரு கணினித் திரை கண்முன் விரியும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, அவள், நான்.

அவள் மருத்துவமனைப் பதிவுப் பகுதியில் குமாஸ்தாவாக இருந்தவள், என்னைவிட இளையவள். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போய்வர வண்டியில்லாமல் ஏழைகள் அல்லாடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் வேலையை உதறிவிட்டு அவர்களுக்காக வேன் ஏற்பாடு செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினாள். தமிழிலும் மலாயிலும் குறுஞ்செய்தி எழுத என்னைச் சேர்த்துக்கொண்டாள். கவிதை எழுதுகிறவனுக்கு அதுவும் ஒரு பிழைப்பு.

இருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. நிரல் இல்லாமலே செயலி கட்டும் மென்பொருள் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. திரையில் கட்டங்களை இழுத்து வைத்து, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி போட வேண்டும், அவ்வளவுதான். நோயாளியின் பெயர் ஒரு கட்டம். ஓட்டுநருக்குச் செய்தி ஒரு கட்டம். சிகிச்சை முடிந்து எழுந்தால் தலை சுற்றுமே, சற்று உட்காரட்டும் என்று ஒரு காத்திருப்புக் கட்டம். யாராவது தொலைபேசியில் குறை சொன்னால், அவர் பேசி முடிப்பதற்குள் அவள் விரல் எதையோ நகர்த்தியிருக்கும்.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஒரு பெரியவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர். திங்கட்கிழமை காலை வேன் கீழே வந்து நிற்கும். அவர் இறங்க மாட்டார். அவர் மனைவி போன் செய்தார்.

"ராகு காலம் புள்ள. வாசலத் தாண்ட மாட்டேன்னு உக்காந்திருக்காரு. தூக்கிட்டா வர முடியும் நானு?"

அவள் சிரித்தாள். ராகு காலத்துக்கு ஒரு கட்டம் பிறந்தது. கேட்கிற வீடுகளுக்கு மட்டும் வேன் முன்கூட்டியே போகும்; பெரியவர் டயாலிசிஸ் மையத்து வராந்தாவில் நாளிதழைப் பிரித்துக்கொண்டு காத்திருப்பார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கட்டம் பிடித்திருந்தது.

பிறகு முதலீட்டாளர் வந்தார். செபராங் ஜெயாவில் குளிரூட்டிய மாடிக்கு மாறினோம். கட்டங்களால் கட்டியது கூட்டத்தைத் தாங்காது, இனி நிரலாளர்கள் முறையாக எழுதுவார்கள் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நோயாளிகள் பெருகப் பெருகச் செயலி திணறத்தான் செய்தது. அது பொய்யாக இருந்திருந்தால் நான் இன்று நன்றாகத் தூங்குவேன்.

புதிய செயலி வந்தது. வேகம், வெண்மை, ஒழுங்கு. அந்தக் கட்டம் மட்டும் இல்லை. அவள் நிரலாளர் குழுவின் தலைவனிடம் போனாள், நம் தமிழ்ப் பையன்தான்.

"தம்பி, திங்கக்கெழம ராகு காலம் எங்க?"

"சர்வருக்கு ராகு காலம் கெடையாதுக்கா."

"சர்வருக்குக் கிட்னியும் கெடையாது தம்பி."

அவன் சிரித்துவிட்டான். "சரிக்கா, குறிச்சு வச்சுக்கிறேன். அடுத்த மாசம் பாப்போம் லா. முன்னாடி வேற வேலை நெறைய நிக்குது."

"எங்க மாத்தணும்னு காட்டு. நானே மாத்திக்கிறேன்."

அவன் திரையைத் திருப்பினான். கறுப்பில் பச்சை எழுத்து, வரி வரியாக. தன் வீட்டுக்குள்ளேயே விளக்குச் சுவிட்சைத் தேடுகிறவளைப்போல அவள் கண்கள் அலைந்தன.

அந்தத் திங்கட்கிழமை அவளே ஓட்டுநரை அழைத்து முன்னதாக அனுப்பினாள். பெரியவர் போய்ச் சேர்ந்தார். ஆனால் வழி குழம்பி வேறு இரண்டு நோயாளிகள் தாமதமானார்கள். இனி யாரும் ஓட்டுநரை நேரடியாக அழைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதையும் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த திங்கள் வேன் தன் நேரத்துக்கு வந்தது, நின்றது, போய்விட்டது. பெரியவர் வீட்டிலேயே இருந்தார். புதன்கிழமை வேன் வருவதற்குள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனது. உயிர் பிழைத்தார்.

கூட்டத்தில் முதலீட்டாளர் கேட்டார்: "அவரு ராகு காலம் பாத்ததுக்கு நாம பொறுப்பா?"

"வேன் நம்மளுதுதானே," என்றாள் அவள். ஏதேனும் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். எந்தப் பக்கத்துக்காகப் பேசுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டேன். அவளுக்கு ஆலோசகர் என்றொரு பட்டம் தருவதாகச் சொன்னார்கள். செயலியில் எதையும் தொட முடியாத பட்டம். மறுநாள் அவள் விலகிக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

"நானும் வந்துடவா?"

"வந்து? ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து கட்டம் போடுவோமா?" என்றாள். பிறகு, "நீங்க இருங்கண்ணே. போன் வந்தா எடுக்க ஒரு ஆளு வேணும்."

"எடுத்து என்ன செய்ய? ஒன்னையும் மாத்த முடியாதே."

பேருந்து வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.

"சும்மா கேளுங்கண்ணே. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் வச்சிடாதீங்க."