ஏழு வீட்டுப் பரங்கிக்காய்

குப்பம்மாளுக்கு வெளியாள் என்றாலே ஆகாது. ஒடுகத்தூரிலிருந்து புளி வாங்க வருகிறவன், காட்டிலாகா கார்டு, ஓட்டு கேட்டு வருகிறவன், யாரும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை. ஜவ்வாது மலையில் அவளுக்கு இருந்ததெல்லாம் இரண்டு ஏக்கர் சாமைக்காடும், சாந்தம்மாள் என்று ஆறு வயது மகளும்தான். புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மிச்சச் சொத்து வீம்பு. அதில் மட்டும் குறைவே கிடையாது.

எழுபத்தாறாம் வருஷம், மழை பொய்த்த சித்திரையில், சர்வே ஆட்கள் மலையேறி வந்தார்கள். நாடு முழுக்க மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கி, யார் எதை ஆராய வேண்டும் என்று மேய்க்கிற அரசாங்க ஆபீஸ் ஒன்று டெல்லியில் இருக்கிறதாம். அது போட்ட வேலை. வந்தவர் செங்கத்துக்காரர், பெயர் கண்ணாயிரம். வீடு வீடாகப் போய், அன்றைக்குச் சமைக்க வைத்திருப்பதைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்வாராம். மறுநாள் காலையில் ஆரம்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குப்பம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம சட்டியில இன்னா வேவுதுன்னு இவனுக்கு இன்னாத்துக்கு? மலையில இருக்கறவங்க வெறும் களி துன்றாங்கன்னு கீழ போயி சிரிக்கவா?"

யோசனை அவளுடையதுதான். பக்கத்து வீட்டு ராணியம்மாளின் பரணில் ஒரு பரங்கிக்காய் கிடந்தது. எங்கேயோ கேட்டு ஒரு படி துவரம்பருப்பும் சேர்த்தாள். கண்ணாயிரம் ஒரு வீட்டில் நிறுத்து எழுதிவிட்டு முன்வாசலில் இறங்கினால், பரங்கிக்காயும் பருப்பும் குப்பம்மாளின் முந்தானைக்குள் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஊரிலிருந்த ஏழு வீட்டையும் சுற்றிவிட்டு, உச்சிப்பொழுதுக்குள் பரங்கிக்காய் கீறல் படாமல் பரணுக்குத் திரும்பியது. ஊர் இரண்டு நாள் சிரித்தது. அன்றைக்கு ராத்திரி ஏழு வீட்டிலும் களியும் புளித்தண்ணியும்தான்.

ஆனி பிறந்ததும் சாந்தம்மாள் தடுக்கி விழ ஆரம்பித்தாள். பகலில் ஒன்றுமில்லை. விளக்கு வைக்கும் நேரமானால் வாசற்படி தெரியாது, தட்டு தெரியாது, எதிரில் நிற்கும் அம்மா தெரியாது. மாலைக்கண். இப்படியே விட்டால் கண் மொத்தமாகப் போய்விடும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். குப்பம்மாள் ஆடிப்போனாள்.

பக்கத்து ஊரில் சர்வே ஆட்கள் மாலைக்கண்ணுக்கு வாயில் எண்ணெய் மருந்து ஊற்றுகிறார்கள் என்று சேதி வந்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்தாள். வரிசையில் நின்று, மேசைக்கு முன்னால் வந்ததும் கண்ணாயிரம் நோட்டைப் புரட்டினார்.

"உங்க ஊரு லிஸ்ட்ல இல்லம்மா. சாப்பாட்டுல குறை இருக்கிற ஊருக்குத்தான் மருந்து. உங்க ஊர்ல வூட்டுக்கு வூடு பருப்பும் பரங்கிக்காயும் தாராளமா இருக்குதுன்னு ரிப்போர்ட் போயிடுச்சு."

குப்பம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அந்த ஊர் ஜனம் மொத்தமும் நின்றிருந்தது.

"அது ஒரே பரங்கிக்கா சார். ஏழு வூட்டுக்கும் நான்தான் தூக்கினு போனேன்."

"தெரியும்," என்றார் அவர், தலை நிமிராமல். "ஏழு வூட்லயும் அதே காய். ஏழு தடவையும் மூணு கிலோ இருநூறு கிராம்."

"தெரிஞ்சேவா எழுதின?" மரியாதை அதோடு போயிற்று.

"காட்டறத எழுதறதுதான் என் வேலை. நீங்கதானே காட்டினீங்க?"

"பின்பக்கமா வந்து ஒரு பார்வ பாக்க உனக்குக் காலு இல்லியா? எம்பொண்ணு கண்ணுய்யா அது."

அந்த மனுஷனை அறைந்திருப்பாள். மருந்து பாட்டில் அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் அறையவில்லை. தன்னையும் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கண்ணாயிரம் ஒரு தாளை எடுத்தார். "ஊரை லிஸ்ட்ல சேக்கணும்னா காகிதம் டெல்லிக்குப் போயி வரணும், ஆறு மாசம் ஆவும். உன் பொண்ணுக்கு மட்டும்னா, அன்னிக்குக் காட்டினது பொய்யின்னு கைநாட்டு வெச்சுக் குடு. நான் படிச்சுக் காட்டினப்புறம் வெக்கணும், அது ரூல்."

எழுதினார். எல்லோரும் கேட்கும்படி படித்தார். இந்த வீட்டில் பருப்பு இல்லை, காய் இல்லை, பால் இல்லை, நாலு மாதமாக ஒரு வேளைச் சாப்பாடு. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குப்பம்மாள் கட்டை விரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். சாந்தம்மாளின் வாயில் ஒரு கரண்டி மருந்து இறங்கும்வரை அசையாமல் நின்றாள். இறங்கியதும் மை விரலைக் கண்ணாயிரத்தின் வெள்ளைச் சட்டைக் கையில் நன்றாகத் துடைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள், பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வந்தது. வரிசையில் கேட்ட அந்தச் சிரிப்பு குப்பம்மாளின் காதை விட்டுப் போகவில்லை. மகளுக்குத் தெரியப்போவதில்லை என்ற தைரியத்தில், வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

"ஏம்மா அழுவுற?" என்றாள் சாந்தம்மாள்.

குப்பம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அழுவல. அடுப்புப் பொக கண்ணுல பட்டுடுச்சு."

சாந்தம்மாள் மூலையை எட்டிப் பார்த்தாள்.

"அடுப்புல ஒண்ணுமே இல்லியேம்மா."