ஆவாரைக்கு மரியாதை

முண்டாசைப் பிரித்து, ஒரு பிடி ஆவாரை இலையை உச்சந்தலையில் அமுக்கி, மறுபடியும் கட்டுகிறான் வீரணன். வெயிலுக்குக் குளிர்ச்சி. பிறகுதான் அரிவாளைத் தொடுவான். “இருக்கீகளா? வெட்டப் போறேன், கோவிச்சுக்கிடாதீக” என்று செடியிடம் சொல்வான். பதில் வருமென்று கொஞ்சம் நிற்கவும் செய்வான்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். மானகிரிப் பொட்டலில் கொம்பை வெட்டிப் பட்டை உரிப்பதுதான் அவன் பிழைப்பு. வேரை ஒட்டிய தூரை விட்டுவைத்து வெட்டுவான். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். கொத்தமங்கலத்தில் எழும் பெரிய வீடுகளுக்கு ரங்கூன் தேக்கு ஏற்றிப் போகும் வண்டிக்காரர்களை வாடா போடா என்பவனுக்கு, செடியிடம் மட்டும் எங்கிருந்தோ மரியாதை வந்துவிடும். அவர்கள் சிரிப்பார்கள். அவன் மனைவி கருப்பிக்குச் சிரிப்பு வராது. “கட்டுன பொண்டாட்டிய ஒருநா ‘வாரீக’ன்னு சொல்லியிருப்பியாய்யா?” என்பாள்.

இந்த வருஷமும் மழை பொய்த்துவிட்டது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. வெட்டிய தூர்கள் துளிர்க்கவில்லை. மிச்சம் கரைமேல் ஒரே ஒரு செடி. அதையும் வெட்டினால் விதைக்குக்கூட ஆவாரை இராது என்று வீரணன் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

“அடுப்பு அணைஞ்சு கெடக்கு. ஒன் ஆவாரை அவுக வந்து கஞ்சி ஊத்துவாகளா?” என்றாள் கருப்பி. அவனை நம்பாமல், கொம்பைப் பிடிக்கத் தானும் கூடவே வந்தாள்.

பச்சை என்று சொல்ல வேறெதுவும் இல்லாத அந்தப் பூமியில் செடி அடிமுதல் நுனிவரை பூத்து நின்றது. இலை வைத்து முண்டாசு கட்டியாயிற்று. வீரணன் குனிந்தான், வழக்கமாகச் சொல்லும் வார்த்தை வாயில் வரவில்லை. கருப்பி கொம்பைப் பிடித்து இழுத்தாள். பூவோடு பூவாக உட்கார்ந்திருந்த மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அத்தனையும் ஒருசேர எழுந்தன. செடியே கிளம்பிப் போவதுபோல் இருந்தது. அவள் கை தானாகக் கொம்பை விட்டது.

“ஆத்தாடி” என்றாள் மெதுவாக. பிறகு செடியைப் பார்த்துக் கேட்டாள்: “சொட்டுத் தண்ணி இல்லையே, எங்குட்டு இருந்து குடிச்சு இம்புட்டுப் பூத்தீக?”

வீரணன் திரும்பிப் பார்த்தான். தன் வாயில் என்ன வந்தது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை ஏந்தி, கீழ்க்கொம்புப் பூக்களை மட்டும் பறித்துக்கொண்டிருந்தாள். “இத அவிச்சு இன்னைக்குப் பசியாறுவோம். நாளைக்கு என்ன செய்யன்னு அவுககிட்டயே கேட்டுக்கிடலாம்.”

வெயில் ஏறிவிட்டது. வீரணன் அரிவாளைக் கீழே வைத்து, முண்டாசைப் பிரித்து, உள்ளே இருந்த இலையில் பாதியை எடுத்து அவள் உச்சந்தலையில் வைத்தான்.