அக்கா தேர்ந்தெடுத்த சான்றிதழ்

"அந்தக் கேஸு தீப்பிடிக்குமா?" என்று அம்மா கேட்டபோது அக்கா பொய் சொல்லியிருக்கலாம். திருத்தங்கல் வீட்டில் நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "பிடிக்கும்மா. அதுக்குத்தான் படிப்பே" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அம்மா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். நான் மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். பசி இருந்ததா என்று நினைவில்லை.

அப்பா ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு முற்பகலில் அந்த அறை வெடித்தது. வகுப்பறை ஜன்னல் அதிர்ந்தது. டீச்சர் சற்று நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். எங்கள் பக்கத்தில் ஜன்னல் அதிர்வது புதிதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வாய்விட்டு அழுததாகவோ சிரித்ததாகவோ ஞாபகமில்லை. தீபாவளியன்று தெருவே வெடிக்கும்போது நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, என்ன ஓடுகிறதென்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருப்போம்.

அக்கா ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தாள். இந்த ஊரில் அதற்கு வேலை உண்டு. அச்சகங்களில் ஏசி என்பது சொகுசு இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரிந்துவிடும், ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராது. காலண்டர் சீசனில் ஏசி நின்றால் ஆர்டரும் நின்றுபோகும். நான் வேலை பார்த்த அச்சகத்துக்கே அவள் சர்வீஸுக்கு வருவாள். ஏணியில் ஒரு பெண் ஏறுவதை மிஷின்காரர்கள் முதலில் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு பழகிப்போனது. ஆனால் வருஷங்கள் போயும் ஃபில்டர் கழுவவும் கேஸ் ஏற்றவும்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அதற்கு மேலே போக ஐடிஐ போதாது, இன்னொரு சான்றிதழ் வேண்டும் என்று தெரிந்தது.

இரண்டு படிப்புகள் அவள் முன்னால் இருந்தன. ஒன்று, ஆஸ்பத்திரி, மால் போன்ற பெரிய கட்டடங்களை மொத்தமாகக் குளிர்விக்கும் பிளான்ட்டுகளை ஓட்டுவதற்கானது. அதை முடித்தவர்கள் துபாய் போனார்கள். இன்னொன்று, புதிதாக வரும் ஏசிகளிலும் ஃப்ரீசர்களிலும் இருக்கிற, தீப்பற்றக்கூடிய வாயுவைக் கையாள்வதற்கானது. இங்கே அதைப் படித்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவள் விசாரித்த மெக்கானிக்குகள் எல்லாரும் முதலாவதையே சொன்னார்கள். அம்மாவும் துபாய் என்றதும் தலையாட்டியிருந்தாள். அக்கா இரண்டாவதற்குப் பணம் கட்டிவிட்டு வந்துதான் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அம்மா எழுந்து போனபின், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ஏலே, அப்பாகூட வேலை பாத்தவுகள உக்கார வச்சு, இது எப்பப் பிடிக்கும், எப்பப் பிடிக்காதுன்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாகளா? இங்கன ஒருத்தன் சொல்லித் தாரேங்கான். நான் போறேன்."

குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

சென்னையில் படித்து, தேர்வெழுதித் தேறி வந்தாள். அடுத்த ஆறேழு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. அம்மாவும் அவளோடு அவசியத்துக்கு மட்டுமே பேசினாள். அக்கா பழையபடி ஃபில்டர் கழுவினாள்.

பிறகு விருதுநகரில் ஓர் ஐஸ்கிரீம் குடோனில் ஃப்ரீசர் பழுதென்று கூப்பிட்டார்கள். பைக்கில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோது வேறொரு மெக்கானிக் குழாயைப் பற்றவைக்கக் கையில் வெல்டிங் டார்ச்சோடு குனிந்திருந்தார். அக்கா பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"அண்ணே, பத்த வைக்காதீக. எல்லாரும் வெளிய வாங்க."

அவள் நீட்டிய, வாயுக் கசிவைக் காட்டும் கருவி கீச்சிட்டது. கதவுகளைத் திறந்து போட்டு எங்களை வெயிலில் நிறுத்தினாள். சரக்கு உருகுகிறதென்று முதலாளி சத்தம் போட்டார். "உருகட்டும்ங்க" என்றாள். கருவி அடங்கும்வரை யாரையும் விடவில்லை. பிறகு உள்ளே போய் வேலையை முடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் அப்போது பயமோ நிம்மதியோ வரவில்லை. டார்ச்சைப் பிடித்திருந்தவர் அதைத் துணியில் சுற்றிப் பையில் வைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதலாளி சொல்லித்தான் அவளுக்கு அடுத்தடுத்த வேலைகள் வந்தன. இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் அவளுக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள்.

இந்தச் சித்திரையில் அம்மா வெயிலில் மயங்கி விழுந்தாள். வீட்டில் ஏசி மாட்டச் சொன்னார் டாக்டர். அக்கா வாங்கி வந்தது அந்த வாயு உள்ள ஏசி. மாட்டுவதற்கு முன்னால் அதை அம்மாவிடம் சொல்லவும் செய்தாள். கொல்லையில் குழாய் இணைப்புகளில் அக்கா சோப்பு நுரையைத் தடவியபோது அம்மா பின்னாலேயே போய் நின்றாள்.

"லீக்கு இருந்தா குமிழி வரும்மா."

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். குமிழி வரவில்லை.

"அவுக மருந்து ரூம்ல இப்படிப் பாக்க ஆளு இருந்துச்சா?"

"தெரியலம்மா."

உள்ளே வந்து அக்கா ஏசியைப் போட்டாள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்து மூடிக்கொண்டாள்.

"உள்ள வந்து கதவைச் சாத்துலே. குளிரு வெளிய போகுது."