மோட்டார் சத்தத்துக்கு அடியில் ஒரு பெயர்

என் மகளுக்கு முதலில் வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அது. சின்னப் பெயர், கடைசி எழுத்து நெடில் என்று மட்டும் சொல்கிறேன். தெருமுனை வரைக்கும் இழுத்துக் கூப்பிட வசதியான பெயர்.

அவளைச் சுமந்துகொண்டிருந்தபோதுதான் நாங்கள் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தொம்மலூருக்குக் குடி வந்தோம். பழைய ஊர்ப் பகுதியில் ஒரு சந்து. கீழே வீட்டுக்காரர்கள், மாடியில் நாங்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் ஆஸ்பத்திரி அங்கிருந்து பக்கம். வந்து சாமான்களைப் பிரித்து முடிப்பதற்குள் எனக்கு லேசாக ரத்தம் பட்டது. பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, லேப்டாப்பைத் தலையணைமேல் சாய்த்து வைத்துத்தான் ஆபீஸ் வேலை பார்த்தேன்.

இடது பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பின்வீட்டின் சுவரும், அதன்மேல் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும். பார்க்க வேறொன்றும் கிடையாது. அந்த மாதங்களில் உலகம் எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. காலையில் கீரைக்காரர், பிறகு வீடுவீடாகக் குக்கர் விசில், மதியத்தில் எங்கோ தரை அறுக்கும் மெஷின். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு மோட்டார் ஓடும். தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். அந்தச் சத்தத்துக்கு அடியில் யாரோ ஒரு பெண் வெளியே விளையாடும் குழந்தையை உள்ளே கூப்பிடுவாள். என்ன சொல்கிறாள் என்று தெளிவாகக் கேட்காது. கூப்பிடும் ராகம் மட்டும் கேட்கும். அது கேட்டால் வேலை போதும் என்று லேப்டாப்பை மூடிவிடுவேன். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பெயர் விஷயத்தில் எங்கள் வீட்டில் நாளுக்கொரு சண்டை. என் கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். கன்னடக்காரர்கள் வாயிலும் நுழைகிற பெயராக இருக்க வேண்டும் என்பார். ஓசூரில் இருக்கும் நாத்தனார் தினமும் போன் செய்து, எந்த எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும், கூட்டினால் எந்த எண் வர வேண்டும் என்று சொல்வார். நான் ஒரு பெயர் சொன்னால் கணவர் மறுப்பார், அவர் சொன்னால் நான். பிரசவ வலி எடுத்தபோதுகூட ஒரு பெயரும் முடிவாகியிருக்கவில்லை.

பெண் குழந்தை. என்னைத் துடைத்து, உடை மாற்றி, குழந்தையை என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு நர்ஸ் கேட்டாள், "பாப்பாக்கு பேரு செலக்ட் பண்ணிட்டீங்களா மேடம்?"

நான் ஒரு பெயரைச் சொன்னேன். யோசிக்காமல், தெரிந்த ஒருவரின் பெயரைச் சொல்வதுபோல.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாருக்கே. எங்கேர்ந்து புடிச்ச?"

"தெரில. தானா வந்துச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"இப்பத்தாங்க எனக்கே தெரியும்."

அவருக்குப் பிடித்துப்போயிற்று. நாத்தனார் கூட்டிப் பார்த்துவிட்டு, எண்ணும் நன்றாக இருக்கிறது என்றார். இவ்வளவு சண்டை போட்டவர்கள் இப்படி ஒரே நாளில் அடங்கியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தொட்டில் போடும் நாள்வரை வெளியில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று நாத்தனார் கண்டிப்பாகச் சொன்னதால் பெயர் எங்களுக்குள்ளேயே இருந்தது.

தொட்டில் போட்ட அன்று வீடு நிறைய ஆட்கள். வீட்டுக்காரம்மா சந்திலிருந்த பெண்களையும் அழைத்து வந்திருந்தார். அதில் பின்வீட்டு அக்காவும் ஒருவர். நாற்பது வயதிருக்கும். நீலச் சேலை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம். அன்றுதான் நான் அவரை முதல்முறை பார்த்தேன். ரவிக்கைத் துணியும் வெற்றிலையும் வைத்த தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, குழந்தையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். நாத்தனார் வெற்றிலையால் குழந்தையின் காதை மறைத்துப் பெயரைச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

எங்கள் உறவுப் பெண்கள் நல்ல பேரு, நல்ல பேரு என்றார்கள். சந்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வீட்டு அக்கா கையில் வைத்திருந்த பால் டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தார். என்னிடம் வந்து மிக அருகில் நின்றார்.

"இந்தப் பேரு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. நானா வெச்சதுதான்."

"நீங்களாவா?" என்று என் முகத்தையே பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டில் காணாமல்போன பொருளை இன்னொருவர் கையில் பார்த்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படி. பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வீட்டுக்காரம்மா தயங்கித் தயங்கி மாடிக்கு வந்தார். "உங்க மேல தப்பில்லம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. ஸ்கூல்லகூட சேக்கல, ஜுரத்துல போயிடுச்சு. பல வருஷமாச்சு. அதுக்கும் இதே பேருதான். அந்தப் பேர இந்தச் சந்துல யாரும் வாயில எடுக்கறதில்ல. அவ எதிர்ல சொன்னா அவ்ளோதான், சாப்பிடாம கொள்ளாம படுத்துக்குவா."

யாரும் சொல்வதில்லை என்றால் நான் எங்கே கேட்டேன்? அன்று சாயங்காலம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்த ஜன்னலருகே உட்கார்ந்தேன். இருட்டத் தொடங்கியதும் மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல். முதல்முறையாக ராகத்தை விட்டுவிட்டு வார்த்தையைக் கேட்டேன். என் மகளின் பெயர். பிறகு, "வாம்மா, இருட்டாவுது, உள்ள வா."

குழந்தையை இழுத்து மாரோடு சேர்த்துக்கொண்டேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் நிதானமாகத்தான் பேசினார். "படுத்துக்கிட்டு தினமும் கேட்டிருக்க. மனசுல பதிஞ்சிருக்கு. அதுக்கு ஏன் பயப்படற?" சரிதான் என்று பட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. பிறப்பைப் பெயரில்லாமலேயே பதிவு செய்திருந்தோம், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று. அதையும் தள்ளிப் போட்டோம். பாப்பா, குட்டி, தங்கம் என்று எதையாவது சொல்லிக் கூப்பிட்டோம். நாத்தனாரையும் கெஞ்சிக் கூத்தாடி அப்படியே பழக்கினோம். எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயர் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

குழந்தை குப்புற விழுந்து, தலை நிமிர்த்தி, ஆள் அடையாளம் பார்த்துச் சிரிக்கும் பருவத்துக்கு வந்தாள். பாப்பா என்றால் திரும்ப மாட்டாள், தங்கம் என்றாலும் அப்படித்தான். கிலுகிலுப்பை ஆட்டினால் உடனே திரும்புவாள். காது கேட்கிறது என்று டாக்டரும் சொன்னார். ஒரு நாள் சாயங்காலம் அவளை மடியில் வைத்து ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் வாங்கிய கூழை விழுங்காமல் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்பிச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் என் காதுக்கு வந்தது.

கணவர் நம்பவில்லை. அடுத்த நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்து அவள் எதிரில் கிலுகிலுப்பையோடு உட்கார்ந்துகொண்டார். அவள் அதைப் பிடிக்கக் கை நீட்டினாள். பாதியில் கை நின்றது. தலை ஜன்னலுக்குத் திரும்பியது. அப்போது மோட்டார் சத்தம் மட்டும்தான் இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு குரல் வந்தது. என் கணவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அவள் அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த நாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். சுவரில் இறந்த குழந்தையின் படம் ஏதும் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அக்கா, சாயங்காலம் நீங்க கூப்பிடறது எங்களுக்குக் கேக்குது," என்றேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கேக்குதா? யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் மோட்டார் போட்டுட்டுக் கூப்புடறேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூட தெரியாது. நான் உட்டுட்டேன்னு நெனச்சிட்டிருக்காரு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "கூப்புடாம இருந்தா அவ வெளியிலேயே நின்னுட்டிருப்பாளோன்னு தோணுது. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

"நான் மாசமா இருந்தப்போ படுத்தே கெடந்தேன்க்கா. தினமும் நீங்க கூப்பிடறது கேட்டுத்தான் இந்தப் பேரு எனக்குள்ள எறங்கியிருக்கு. வேணும்னு எடுத்துக்கல. மன்னிச்சிடுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "எப்ப கேட்ட?"

சொன்னேன். அக்கா விரலில் சுற்றியிருந்த தலைப்பை அவிழ்த்தார்.

"அப்ப நாங்க இங்க இல்லியேம்மா. தங்கச்சிக்கு ஆபரேஷன்னு அவ ஊரு அத்திபெலேல மாசக்கணக்கா இருந்தோம். வீடு பூட்டிக் கெடந்துச்சு. மோட்டார் பியூஸக்கூட புடுங்கிட்டுத்தான் போனோம். திரும்பி வந்தப்போ நீ பொறந்த கொழந்தையோட இருக்கேன்னு கீழ்வீட்டம்மா சொன்னாங்க."

நான் குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டேன். குழந்தை என் தோளிலிருந்து அந்த அறையை ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காதான் மறுபடி பேசினார். "பேரு வெச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. ஆனா மாத்திடும்மா. நான் கூப்புட்டா ரெண்டு பேர்ல யாரு வர்றது? உன் பொண்ணு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அந்தக் கேள்வியில் அழுகையோ மிரட்டலோ இல்லை. நடக்கக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றி, ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்டாள். மாற்றிவிடுகிறேன், இனி அந்தப் பெயரை வாயாலும் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன்.

இந்த முறை பெயர் தேடியபோது வீட்டில் சண்டை வரவில்லை. கணவர் ஒரு பெயரைச் சொன்னார், நான் சரியென்றேன். மனதுக்குள் தானாக எதுவும் தோன்றிவிடுமோ என்ற பயத்தில் நான் எதையும் தேடவேயில்லை. ஏற்கெனவே காதில் சொன்ன பெயரை எப்படி எடுப்பது என்று நாத்தனார் குழம்பினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. புதுப் பெயரை அக்காவே அவள் காதில் சொல்லட்டும் என்றேன். கணவருக்கு விருப்பமில்லை. நான் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தார். விசேஷம் எதுவும் வைக்கவில்லை. நாங்கள் மட்டும்தான். குழந்தையை மடியில் வாங்கி, காதருகே குனிந்தார். புதுப் பெயரைச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அதோடு நிமிர்ந்துவிடுவார் என்று நினைத்தோம். நிமிரவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு பெயரைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. கணவர் எழப் போனார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை துளியும் அசையாமல், கண் கொட்டாமல், பெரியவர்கள் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் அக்கா அவளை என்னிடம் கொடுத்துவிட்டு, "காபி இருந்தா குடும்மா," என்றார். முகம் வியர்த்திருந்தது.

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. புதுப் பெயரைக் கேட்டு அவள் திரும்பிப் பார்க்கவும் நெடுநாள் ஆயிற்று. ஒரு நாள் கணவர் ஆபீஸ் கேபுக்காக வாசலில் நின்றபடி பெயரைச் சொல்லி டாட்டா காட்டினார். அவள் திரும்பிக் கையை ஆட்டினாள். அவர் வண்டியை அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே வந்துவிட்டார்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா வீட்டுக்கு அவளாகவே ஓடுவாள். அக்கா தோசை வார்த்துக் கொடுப்பார், தலை பின்னிவிடுவார், புதுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பொழுது சாய்ந்தால், கூப்பிட்டு வருவது யாராக இருக்குமோ என்று, நான் அவளை ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் கூப்பிடுவதில்லை. படியிறங்கிப் போய், அவள் கையைப் பிடித்து, முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுக் கூட்டி வருகிறேன்.