அம்மாவின் பெருவிரல் ரேகை

அப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது எனக்கு ஏழு வயது, தம்பிக்கு நான்கு. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி, ஆரணிக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அங்கே எங்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆரணிக்கே வந்துவிட்டாள். ஒரு பட்டு முதலாளி வீட்டில் இழையை ராட்டையில் சுற்றிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் எங்களைப் படிக்க வைத்தாள்.

எழுபதுகளின் நடுவில் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பஜாரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். ஒருநாள் முதலாளி வீட்டுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு பெரியவர், ராட்டை முன்னால் இருந்த அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். அப்பாவோடு அதே தோட்டத்தில் வேலை செய்தவர். வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பியிருந்தார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த சேமநிதியை வாங்கினாயா என்று அம்மாவிடம் கேட்டார். அப்படியொரு பணம் இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. அது இன்னும் அப்பா பேரில் அங்கேயே இருக்கும், எழுதிக் கேள் என்று சேமநிதி ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

செய்தி எப்படியோ பரவி, ஒரு தரகர் வீடு தேடி வந்தார். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், வருவதில் பாதி கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். ஒன்றும் எழுதாத முத்திரைத்தாள் ஒன்றை நீட்டி, கைநாட்டு வைக்கச் சொன்னார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல ஒண்ணும் எழுதலியே. வெறும் காயிதத்துல நான் இன்னாத்துக்குங்க கை வெக்கணும்?” என்றாள்.

அவர் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தாளை மடித்து அவர் பையிலேயே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள். “நீதான் மிஷின்ல அடிக்கறியேடி, நீ எழுது” என்றாள்.

இன்ஸ்டிடியூட்டில் மாணவர்கள் போன பிறகு உட்கார்ந்து அந்த மனுவை அடித்தேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்பாவின் இறப்புச் சான்று, அம்மாதான் மனைவி என்பதற்கு அத்தாட்சி, வாரிசுச் சான்று, கூடவே படிவத்தில் அம்மாவின் பெருவிரல் ரேகை எல்லாம் கேட்டிருந்தார்கள். இறப்புச் சான்றையும், தோட்டத்தில் தன் ரேகை பதித்துக் கொடுத்த அடையாள அட்டையையும் அம்மா ஒரு பால்பவுடர் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள். சிக்கல் பேரில்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அப்பாவின் பேரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தார். ஊர்க் கணக்கில் வேறு மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஊர் மணியக்காரர் எழுதிக் கொடுத்தால்தான் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று கிடைக்கும்.

மணியக்காரர் வீட்டுக்கு நானும் அம்மாவும் போனோம். அந்த ஊரில் அப்பாவின் தெருக்காரர்கள் யாரும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. வெயிலில் ரொம்ப நேரம் நின்றோம். காகிதங்களோடு அப்படி நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“ஊர்ல சொல்லாம கொள்ளாம கூலிக்கு ஓடிப் போனவன். அவனுக்கு நான் இன்னான்னு எழுதறது?” என்றார்.

நான் போய்விடலாம் என்று அம்மாவின் முந்தானையை இழுத்தேன். அம்மா அசையவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“கூலிக்குத்தாங்க போனாரு. நான் இல்லன்னு சொல்லல. அந்தக் கூலியில பிடிச்ச பணத்தத்தான் கேக்கறேன். உங்ககிட்ட பணம் கேட்டு வரலீங்க. அவரு இந்த ஊர்ல பொறந்தாரு, அது உங்க கணக்குல கீது. கீறத எழுதிக் குடுங்க, போதும்.”

அவர் மறுவாரம் வரச் சொன்னார். மறுவாரமும், அதற்கடுத்த வாரமும் போனோம். ஒவ்வொரு தடவையும் அம்மா அதே இடத்தில் நின்று, அதே வார்த்தைகளைச் சொன்னாள். நான்காவது தடவை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது எனக்கு முன்னால் நடந்துபோன அம்மாவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் தடவை அவள் முந்தானையை இழுத்ததை நினைத்துத்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. ரேகை தெளிவாக இல்லை, அடையாள அட்டையில் உள்ளதோடு ஒப்பிட முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அம்மாவின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேலாகப் பட்டு இழை ஓடி ஓடி அந்த விரல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினோம். தேய்ந்த தோல் திரும்ப வளரும், இழை படாமல் வைத்திருந்தால் ரேகையும் வரும் என்றார். அம்மா முதலாளியிடம் போய் ஒரு மாதம் வரமாட்டேன் என்று சொன்னாள். அந்த மாதம் என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும் நானும் தம்பியும். அம்மா விரலில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். “பேஜாரா கீதுடி” என்று முனகுவாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டாம்ப் பேடில் அந்த விரலை ஒற்றி, வீணான டைப் தாளின் பின்பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் வாரம் வெறும் மைத் திட்டு. இரண்டாம் வாரம் ஓரத்தில் சில கோடுகள். நான்காம் வாரம் நடுவில் ஒரு சுழி முழுசாக விழுந்தது. அம்மா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “மலாயாவுல வெச்சது இப்படித்தான் இருந்திச்சி” என்றாள். அன்று எங்கள் மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

டாக்டர் முன்னாலேயே படிவத்தில் ரேகை வைத்து, அவரிடம் அத்தாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். இந்தத் தடவை பணம் டிராப்ட்டாக வந்தது. அதை மாற்ற பேங்கில் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி தானே கூட வந்து போட்டுக் கொடுத்தார். ஆரணியில் கைத்தறித் தெருவுக்குப் பின்னால் அம்மா ஒரு மனை வாங்கினாள். பத்திரத்தில் யார் பேர் எழுதுவது என்று கேட்டபோது, “என் பேரு” என்று உடனே சொன்னாள்.

எண்பதுகளில் அந்த மனையில் ஓட்டு வீடு எழும்பியது. அதற்குள் எங்களைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்தும் தேசூரிலிருந்தும், புருஷனை மலாயாவில் பறிகொடுத்த பெண்கள் பழைய அட்டைகளைத் துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். நான் மனு அடிப்பேன். அம்மா அவர்களோடு பஸ்ஸேறி, அவரவர் ஊர் அதிகாரி வீடு வரைக்கும் போவாள். பேசத் தயங்குகிறவர்களைத் தனக்கு முன்னால் நிற்க வைப்பாள்.

“நான் பின்னாடியே கீறேன், நீயே பேசு. உன் புருஷன் பணம்” என்பாள்.

எல்லாருக்கும் பணம் வந்துவிடவில்லை. சிலருக்குத் தோட்டத்துப் பேர்கூட ஞாபகம் இல்லை. ஆனாலும் பணம் கிடைத்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தேசூர்க்காரம்மா தனக்கு வந்த பணத்தில் இரண்டு கறவை மாடு வாங்கிவிட்டு, அதைச் சொல்வதற்கென்றே பஸ்ஸில் ஆரணிக்கு வந்தார். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.